ஐந்தாண்டுக்கு முப்பது மணி நேரம்

சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுச் சட்டம் 1914இல் வந்தது. பதிவு பெற்றவர் அதன்பிறகும் படிக்கிறாரா என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

எழுபதுகளில் எம்.பி.பி.எஸ். படித்த எங்களுக்கு, வயிற்றுப்புண் என்றால் அமிலமும் மனக்கவலையும்தான். முற்றினால் அறுவை சிகிச்சை. 1982இல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் போனவர்களில் பலருக்கு இன்று இரண்டு வார மாத்திரையே போதும். கல்லூரியோடு படிப்பை முடித்துக்கொண்ட மருத்துவர் பழைய வைத்தியத்தையே தொடர்ந்திருப்பார்.

2002இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறை விதிகள், ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரத் தொடர்கல்வி (சி.எம்.இ.) வேண்டும் என்றன. ஞாயிற்றுக்கிழமை சி.எம்.இ. வகுப்புகளில் நரைத்த தலையோடு உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற இளம் மருத்துவர்களிடம் சொல்வேன்: தம்பி, இந்த நேரம் நோயாளிக்கு நாம் பட்ட கடன், உட்கார்ந்து கேள்.