குறி சொல்லும் காட்சி (குறவஞ்சி)

குறவஞ்சி நாடகங்களில் தலைவியும் குறத்தியும் உரையாடும் பகுதி குறி சொல்லும் காட்சி ஆகும். காதலால் வாடும் தலைவியின் கைரேகையைப் பார்த்து, அவள் விருப்பம் கைகூடும் எனக் குறத்தி உரைப்பாள். கொங்கு நாட்டில், இன்றைய திருப்பூர் மாவட்டத்திலுள்ள அலகுமலை முருகன் மீதும் ஒரு குறவஞ்சி பாடப்பட்டுள்ளது.

இக்காட்சியின் நகைச்சுவைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி. உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்கிய வசந்தவல்லி, தன் காதலனின் பெயரைச் சொல்லுமாறு குறத்திக்குச் சவால் விடுகிறாள். அவனைப் பெண்ணோடு சேரத் தெரிந்தவன் எனப் பொருள்படக் குறத்தி கூற, கேலி எனக் கருதித் தலைவி சினம் கொள்கிறாள். குறத்தியோ, பெண் என்றால் 'திரி' (வடமொழி ஸ்திரீ), சேர என்றால் 'கூட', ஆகவே அவர் திரிகூடநாதர் என விளக்குகிறாள். தலைவி நாணித் தலைகவிழ்கிறாள். இந்த நாணத்தை நாளை பார்க்கத்தானே போகிறேன் எனக் குறத்தி மேலும் சீண்டுகிறாள். உயர்குடிப் பெண் வாய்விட்டுச் சொல்ல இயலாத பெயரை ஊர் ஊராகத் திரியும் பெண் சொல்லிவிடுவதே இக்காட்சியின் உயிர்.

தலைவியின் ஆசை நிறைவேறுவது மேடையில் காட்டப்படுவதில்லை. பரிசு பெற்ற குறத்தியை அவள் கணவன் சிங்கன் தேடிக் கண்டடைவதுடன் கதை முடிகிறது. அவள் காலில் விரியன் பாம்பு கிடப்பதாக அவன் வியக்க, அது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள். சேலம் கொங்கு மண்டலத்தைச் சேர்ந்த ஊர் என்பது கவனிக்கத்தக்கது.

ருக்மிணி தேவி அருண்டேல் 1944இல் இதனைக் கலாசேத்திராவில் நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.