ஸ்கேனருக்கு இடம் சொன்ன வரி

அமெரிக்காவில் காவல்துறை, தீயணைப்பு வானொலிகளைக் கேட்கும் ஆர்வலர்கள், யூனிடென் பிசிடி996டி போன்ற ஸ்கேனர்களுக்கு மலிவாகத் தாங்களே ஜிபிஎஸ் செய்து பொருத்தினார்கள். 2000 மே மாதம் கிளிண்டன் அரசு ஜிபிஎஸ் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்திருந்த கட்டுப்பாட்டை நீக்கியதே இதற்கு வழிவிட்டது என்று சொல்லத் தோன்றும். அதை ஏற்க முடியவில்லை. ஸ்கேனர் வைத்த வண்டி எந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதியில்) ஓடுகிறது என்றறிந்து அந்தப் பகுதி அலைவரிசைகளுக்கு மாற, பழைய 100 மீட்டர் பிழையோடும் சமாளித்திருக்கலாம். உண்மையான கொடை, கப்பல் கருவிகளுக்காக 1983இல் வந்த என்எம்இஏ 0183 தரம்தான். அதன்படி ஜிபிஎஸ் அனுப்புவது, டாலர் குறியில் தொடங்கும் ஒரு வரி. காற்புள்ளிகளுக்கு இடையே நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை. வேகம் நொடிக்கு 4800 பிட். அந்தத் தர ஆவணத்தைக் காசு கொடுத்துத்தானே வாங்க வேண்டும் என்று கேட்கலாம். வரியே கண்ணுக்குத் தெரியும் எழுத்தாக வரும்போது, ஆவணம் இல்லாமலே அதைப் புரிந்துகொள்ளலாம். மிச்சம் மின்னழுத்தம்: ஜிபிஎஸ் பலகையின் சமிக்ஞையை ஸ்கேனர் ஏற்கும் ஆர்எஸ்-232 அளவுக்கு மாற்ற ஒரு மேக்ஸ்232 சில்லு போதும். அந்த வரி ஒரு நிறுவனத்தின் பூட்டிய குறியீடாக இருந்திருந்தால், சில்லு எவ்வளவு மலிந்தும் பயனில்லை.