டொமைன் பெயர்ப் பதிவுகளும் அவற்றின் நிர்வாகமும்

டொமைன் பெயர்ப் பதிவுகள் என்பன, இணையத்தில் ஒரு பெயர் எந்த இயந்திரத்தைக் குறிக்கிறது, அப்பெயருக்கு வரும் மின்னஞ்சலை எந்த இயந்திரம் வாங்கிக்கொள்ள வேண்டும், அப்பெயரால் அஞ்சல் அனுப்பும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பன போன்ற விவரங்களை உலகத்தார் அறியும்படி எழுதி வைத்த சிறு குறிப்புகளாகும். இணையதளங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் ஹோஸ்டிங் நிறுவனங்கள், இக்குறிப்புகளை எழுதவும் திருத்தவும் நீக்கவும் தங்கள் வாடிக்கையாளருக்குத் திறந்து கொடுக்கும் பக்கத்திற்குக் கண்ட்ரோல் பேனல் என்று பெயர்.

தமிழ் வியாபார வழக்கில் விலாசம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. கடிதத்தின் மேலுறையில் எழுதும் முகவரி ஒன்று. ஒரு கடை எந்தப் பெயராலும் எந்த முதலெழுத்துகளாலும் தன் கொடுக்கல் வாங்கலை நடத்துகிறதோ அந்த ஸ்தாபனப் பெயர் மற்றொன்று. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெரு போன்ற ஓர் இடத்தில், ஒரு கடை தெருவின் தென்சிறகிலிருந்து வடசிறகுக்கு மாறலாம், கிள்ளிப்பாலத்துப் பக்கம் பெரிய கட்டடம் பிடித்துப் போகலாம், தகப்பனிடமிருந்து மகனுக்கு வரலாம். ஆயினும் பெயரைச் சொல்லி விசாரித்து வருகிறவன் அந்தப் பெயர் இப்போது எங்கே இருக்கிறதென்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சேர்ந்துவிடுகிறான். பெயர் என்ற விலாசம் நிலைத்திருக்க, இடம் என்ற விலாசம் மாறிக்கொண்டே போகலாம் என்ற இந்த ஏற்பாட்டை உலகளாவிய ஒரு யந்திரவியல் சம்பிரதாயமாக அமைத்ததுதான் டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் முறை.

அதற்கு முன்பு இருந்த ஏற்பாடு மிகவும் எளியது. அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் இருந்த இயந்திரங்களின் பெயர்களையும் எண்களையும் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே கோப்பாக எழுதிவைத்திருந்தார்கள். மற்றவர்கள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வலை பெருகப் பெருக, ஓரிடத்தில் ஒரே பட்டியல் என்பது தாங்காமற் போகவே, 1983ஆம் ஆண்டில் பால் மோகாபெட்ரிஸ் என்பவர் பட்டியலைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் அதிகாரத்தையும் அதற்குரியவரிடமே ஒப்படைக்கும் முறையை வகுத்தார். 1987 நவம்பரில் 1034, 1035 என்ற எண்களோடு வெளிவந்த இரு ஆவணங்கள் அம்முறைக்கு இன்றளவும் ஆதாரமாக நிற்கின்றன. பெயரின் உரிமையாளனே பெயரின் பதிவுகளை எழுதுவான், வேறொருவர் தயவை நாடவேண்டியதில்லை என்பதே அந்த மாறுதலின் சாரம். இன்று கண்ட்ரோல் பேனல் முன் உட்காருகிற சிறு வியாபாரிக்கு இருக்கும் அதிகாரம் அங்கிருந்து வந்தது.

இந்த அதிகாரம் படிப்படியாக இறங்கி வருவது. உச்சியில் ஏ முதல் எம் வரை எழுத்திட்ட 13 பெயர்களைக் கொண்ட வேர்ச் சர்வர்கள் உள்ளன. அவற்றின் கீழே டாட் காம், டாட் இன் போன்ற வால்களுக்குரிய ரிஜிஸ்ட்ரிகள். இந்தியாவின் டாட் இன் பதிவேட்டை 2005 முதல் நிக்ஸி என்ற நிறுவனம் நடத்திவருகிறது. ரிஜிஸ்ட்ரியிடமிருந்து பெயரை வாங்கித் தருகிறவர் ரிஜிஸ்ட்ரார்; இணையதளத்தை வைத்துக்கொள்ள இடம் தருகிறவர் ஹோஸ்டிங் நிறுவனத்தார்; பதிவுகளை வைத்துக்கொண்டு கேட்டவருக்கெல்லாம் பதில் சொல்லும் இயந்திரம் நேம்சர்வர். ரிஜிஸ்ட்ராரும் ஹோஸ்டிங் நிறுவனமும் நேம்சர்வரும் ஒரே கம்பெனியாக இருக்கலாம், மூன்று தேசங்களிலுள்ள மூன்று கம்பெனிகளாகவும் இருக்கலாம். பணம் ஒரே ரசீதில் கட்டியதால் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடுவதுதான், இத்துறையில் மனிதர் படும் பெரும்பாலான சங்கடங்களுக்கு வேர் என்று சொல்லலாம்.

கண்ட்ரோல் பேனல்களில் பிரசித்தி பெற்றது 1996இல் தோன்றிய சிபேனல். அதனுள் ஸோன் எடிட்டர் என்ற பகுதியைத் திறந்தால், பெயர், டிடிஎல், வகை, மதிப்பு என்ற நான்கு பத்திகளோடு ஒரு பட்டியல் விரியும். பேரேட்டின் ஒரு பக்கத்தைப் போன்றது அது. கதாசிரியர் ஆ. மாதவன் சாலையில் நடத்தியதைப் போன்ற ஒரு பாத்திரக்கடையை உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வோம். கடையின் பெயரை 192.0.2.10 என்ற எண்ணுடன் இணைக்கும் வரி ஏ பதிவு. எண்களின் தட்டுப்பாட்டால் பின்னர் வந்த நீண்ட எண்ணுடன் இணைக்கும் வரி நான்கு ஏ பதிவு. ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு மறுபெயராக்குவது சிநேம். இந்தச் சிநேம் பதிவுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: எந்தப் பெயருக்கு அதை எழுதுகிறோமோ அந்தப் பெயருக்கு வேறெந்தப் பதிவும் இருத்தல் ஆகாது, ஆகையால் வேறு பதிவுகள் இருந்தே தீரவேண்டிய டொமைனின் மூலப்பெயருக்குச் சிநேம் எழுத இயலாது, டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போன்ற கிளைப்பெயர்களுக்கே எழுதலாம். அஞ்சல் எங்கே போகவேண்டுமென்று சொல்வது எம்எக்ஸ் பதிவு. அதில் ஓர் எண்ணும் சேரும், எண் சிறியதாக உள்ள இயந்திரத்திற்கு முதலுரிமை. ஸோன் கோப்பைக் கையால் எழுதுகிறவர்கள் பெயரின் முடிவில் ஒரு புள்ளியை விட்டுவிட்டால், டொமைனின் பெயர் இரண்டாம் முறையும் பின்னால் ஒட்டிக்கொண்டு விபரீதமாகிவிடும். கண்ட்ரோல் பேனல் செய்கிற பெரிய உபகாரங்களில் ஒன்று அந்தப் புள்ளியைத் தானே வைத்துவிடுவது.

டிடிஎல் என்ற பத்தியைப் பலர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. ஆனால் காரியத்தின் சூட்சுமம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. பதிலைக் கேட்டு வாங்கிய இயந்திரங்கள் அதை எத்தனை விநாடி ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதைக் குறிப்பது அந்த எண்: 14400 என்றால் நான்கு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள். பதிவை மாற்றியவுடன், மாறுதல் உலகமெங்கும் பரவ இரண்டு நாளாகும் என்று ஹோஸ்டிங்காரர்கள் சொல்வது வழக்கம்; உண்மையில் எதுவும் பரவுவதில்லை. பழைய பதிலை ஞாபகம் வைத்திருக்கிற இயந்திரங்கள், தங்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் தீர்ந்தபின், ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து கேட்கின்றன, அவ்வளவே. ஆகவே கடை மாறப்போகிறவர், மாறுவதற்கு ஒரு நாள் முன்னதாகவே டிடிஎல்லை 300 ஆகக் குறைத்துவிட்டால், மாறுதல் நாளன்று ஐந்து நிமிடத்தில் பெரும்பாலான வாடிக்கையாளர் புதிய இடத்திற்கு வந்துவிடுவார்கள். மாற்றிய பிறகு குறைப்பதால் பிரயோசனமில்லை. முன்னமே சொல்லியனுப்பிய பேச்சைத் திரும்பப் பெற வழியில்லை.

மாறுதலில் நேரும் பெரிய விபத்து ஒன்றை இங்கே விரித்துச் சொல்லுதல் அவசியம். புதிய ஹோஸ்டிங் நிறுவனம் தன் நேம்சர்வர் பெயர்கள் இரண்டைக் கொடுத்து, ரிஜிஸ்ட்ராரின் பக்கத்தில் அவற்றைப் பதியுமாறு சொல்லும். அவ்வாறு பதிந்த மாத்திரத்தில் பழைய பேரேடு முழுவதும் செல்லாமற்போய், புதிய நிறுவனத்தின் பேரேடு அமலுக்கு வந்துவிடுகிறது. இணையதளம் அழகாகத் தெரிகிறது. உரிமையாளர் திருப்தியோடு பக்கத்தை மூடுகிறார். அஞ்சலை வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்தவருடைய எம்எக்ஸ் பதிவு புதிய பேரேட்டில் இல்லாததால், மறுநாள் முதல் கொள்முதல் உத்தரவுகளும் பாக்கிப் பட்டியல்களும் அவரை அடையாமல் திரும்பிப் போகின்றன. இணையதளத்தை மட்டும் மாற்றவேண்டியவர் நேம்சர்வரைத் தொடாமல், பழைய பேனலிலேயே ஏ பதிவை மட்டும் திருத்தினால் போதும். நேம்சர்வரையே மாற்றுவது தவிர்க்க முடியாததானால், பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் புதிய பேனலில் எழுதிச் சரிபார்த்த பின்பே மாற்றுதல் வேண்டும்.

பெயரால் மோசடி செய்வாரைத் தடுக்கும் மூன்று பதிவுகளும் இப்பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன. இந்தப் பெயரால் அஞ்சல் அனுப்ப உரிமையுள்ள இயந்திரங்கள் இன்னவென்று எஸ்பிஎஃப் சொல்கிறது. ஒவ்வொரு அஞ்சலிலும் இட்ட முத்திரையைச் சரிபார்க்கும் சாவியை டிகேஐஎம் வெளியிடுகிறது. இரண்டிலும் தேறாத அஞ்சலை என்ன செய்யவேண்டும் என்பதை டிமார்க் கட்டளையிடுகிறது. மூன்றுமே டெக்ஸ்ட் என்ற வகைப் பதிவுகள். ஒரு பெயருக்கு எஸ்பிஎஃப் பதிவு ஒன்றுதான் இருக்கவேண்டும். புதிய அஞ்சல் சேவையைச் சேர்க்கும்போது இரண்டாவதாக ஒன்று எழுதினால் இரண்டும் செல்லாதனவாகும், இருப்பதையே விரித்து எழுத வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், நாள்தோறும் ஆயிரக்கணக்கில் அஞ்சல் அனுப்புவோர் மூன்றையும் வைத்திருக்க வேண்டுமென்றும், மற்றவர்கள் முதலிரண்டில் ஒன்றையேனும் வைத்திருக்க வேண்டுமென்றும் விதித்துவிட்டன.

பதிவுகள் எல்லாம் பழுதின்றி இருந்தும், அவற்றுக்கு மேலேயுள்ள படி ஒன்று கழன்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 2018 செப்டம்பர் 24ஆம் நாள், சென்னையில் வளர்ந்து கோடிக்கணக்கானோர்க்கு அஞ்சலும் கணக்கு மென்பொருளும் அளித்துவரும் ஸோஹோ நிறுவனத்தின் டொமைன் பெயரை, அப்பெயரைப் பதிந்து வைத்திருந்த ரிஜிஸ்ட்ரார், அச்சேவையைப் பயன்படுத்திச் சிலர் மோசடி அஞ்சல் அனுப்பியதாக வந்த புகார்களைக் காரணம் காட்டி, நிறுத்தி வைத்தார். ஸோஹோவின் இயந்திரங்கள் ஒரு குறையுமின்றி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு வழிசொல்லும் பெயர் மட்டும் மறைந்துபோனது. நிறுவனத்தின் அப்போதைய தலைவர் ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க நேர்ந்தது. சில மணி நேரத்தில் பெயர் மீண்டதாயினும், இல்லை என்ற பதிலை ஞாபகம் வைத்துக்கொண்ட இயந்திரங்களின் பின்னே இருந்த வாடிக்கையாளர்கள் அதன் பிறகும் காத்திருக்க வேண்டியதாயிற்று. பின்னர் நிறுவனம் தன் பெயரை வேறு ரிஜிஸ்ட்ராரிடம் மாற்றிக்கொண்டது.

இத்தனை பெரிய ஸ்தாபனத்துக்கே நேர்ந்தது, கடைத்தெருவில் இன்னும் எளிதாக நேரும். ஏனெனில் அங்கே பெயரைப் பதிந்தவர் பெரும்பாலும் உரிமையாளரே அல்லர். இணையதளம் செய்து கொடுத்த இளைஞர் தம் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்திருப்பார். அவர் துபாய்க்கு வேலைக்குப் போன பிறகு, புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்களெல்லாம் யாரும் திறவாத பெட்டியில் சேரும். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், மிகுந்த கட்டணம் செலுத்தி மீட்க 30 நாளும், அதன் பின் ஒன்றும் செய்யவியலாத 5 நாளும் கழிந்து, பெயர் யாரும் வாங்கத்தக்கதாக வெளியே வந்துவிடும். கடையின் ஆதாரப் பத்திரத்தை எவரும் பிறர் பெயரில் எழுதிவைக்கமாட்டார். டொமைன் பெயரும் அத்தகைய சொத்தே என்பதில் இக்கட்டுரையாளனுக்குச் சந்தேகமில்லை. பதிவு உரிமையாளரின் பெயரிலும், அவர் தினமும் பார்க்கிற மின்னஞ்சலிலும் இருத்தல் வேண்டும்; அந்த மின்னஞ்சல் அதே டொமைனின் கீழ் இருத்தல் ஆகாது, பெயர் வீழ்ந்தால் அதுவும் கூடவே வீழும்.

பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்துக்கொள்ளவும் இன்று இயலும். பிற எழுத்துகளில் பெயர் வைக்கும் முயற்சிக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டான் டின் வீ என்பவர் 1998இல் நடத்திய பரிசோதனைகள் துணைசெய்தன. பின்னர் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் என்ற மூன்று வால்கள் தமிழிலேயே அமைந்தன. ஆயினும் டொமைன் பெயர் வைக்கும் விதி ரோமன் எழுத்துகளையும் எண்களையும் சிறுகோட்டையும் மட்டுமே ஏற்குமாதலால், தமிழ்ப் பெயர் கண்ட்ரோல் பேனலில் எக்ஸ், என் என்ற இரண்டு எழுத்துகளும் இரண்டு சிறுகோடுகளும் முன்னே நிற்க, படிக்க இயலாத ஓர் எழுத்துக் கோவையாகக் காட்சி தரும். அதைக் கண்டு பெயர் கெட்டுவிட்டதென்று அஞ்சவேண்டியதில்லை; 2003இல் வகுக்கப்பட்ட பியூனிகோடு என்ற மாற்றுருவம் அது. சாலையில் தமிழரும் மலையாளிகளுமாகிய வாடிக்கையாளரைக் கொண்ட ஒருவர், தமிழில் இந்தியா என்ற வாலோடு ஒரு பெயரும், மலையாளத்தில் பாரதம் என்ற வாலோடு மற்றொரு பெயரும் கொள்ள விரும்பினால், அவை இரண்டும் தனித்தனிப் பதிவுகள், தனித்தனிப் பேரேடுகள், தனித்தனிப் புதுப்பிப்புத் தேதிகள் உடையன. இரண்டு பேரேடுகளிலும் ஏ பதிவில் ஒரே எண்ணை எழுதி, அந்தப் பெயர்களையும் ஏற்கும்படி ஹோஸ்டிங் கணக்கில் சேர்த்துவிட்டால், இரண்டு விலாசங்களும் ஒரே கடைக்கு வந்து சேரும்.