புதுவையும் பாஸ்போர்ட்டும்

களம்பூர் இரயில் நிலையத்துக்கு 'ஆரணி ரோடு' என்று பெயர். பட்டு நெசவால் புகழ்பெற்ற ஆரணிக்குப் போகிறவர்கள் இறங்கும் நிலையம் இதுவாகையால், ஊர்ப்பெயர் பலகையில் ஏறவில்லை போலும்! அங்கே வண்டி ஏறித் தெற்கே வந்தால் விழுப்புரம். விழுப்புரத்தில் வண்டி மாறினால் புதுச்சேரி. 1954-க்கு முன் இச்சிறு பயணத்தின் முடிவில் ஒருவர் இறங்கிய இடம் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட அயல்நாடு என்றால், மாணவ நேயர்கள் வியப்படையக்கூடும்.

எல்லை என்றவுடன் முத்திரையும் காகிதமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் உலகெங்கும் கட்டாயமானது முதல் உலகப் போருக்குப் பிறகுதான். 1908-இல் பாரதியார் புதுவைக்குச் சென்றபோது விசா காட்டும்படி அவரை எவரும் கேட்கவில்லை. அதனால் எல்லை பொய்யாகிவிடவில்லை. பிரிட்டிஷ் போலீசார் புதுவையில் அவரை வேவு பார்த்தார்கள். கைது செய்ய இயலவில்லை. 1918 நவம்பரில் அவர் எல்லையைத் தாண்டி வந்ததும் கடலூர் அருகே பிடித்துக்கொண்டார்கள்.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் நிருவாகம் கைமாறியது. குடியுரிமையோ அன்று மாறவில்லை. 1956 மே 28-இல் கையெழுத்தான உடன்படிக்கை, 1962 ஆகஸ்டு 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்படிக்கையில் என் கருத்தைப் பெரிதும் கவர்வது குடியுரிமைப் பகுதியே. புதுவையில் பிறந்து இந்திய மண்ணிலேயே குடியிருந்தவர் தாமாகவே இந்தியக் குடிமகனானார். பிரெஞ்சுக் குடிமகனாக நீடிக்க விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். வெளிநாட்டில் குடியிருந்தவர்க்கு விதி நேர்மாறானது. பேசாதிருந்தால் அவர் பிரெஞ்சுக்காரரே. இந்தியராக விரும்பினால்தான் எழுதவேண்டும்.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரை எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் புதுவையார் பலர் சைகோனில் உத்தியோகம் பார்த்தனர். மூத்தவன் அங்கே, இளையவன் புதுவையில். இருவரும் ஒரு வரியும் எழுதவில்லை. ஆறு மாதம் கழிந்தது. அண்ணன் பிரெஞ்சுக்காரன், தம்பி இந்தியன்!

பாஸ்போர்ட்டு, அதை வைத்திருப்பவர் எந்நாட்டவர் என்று சொல்லும். விசா, அவர் போகும் நாடு அளிக்கும் அநுமதி. ஆகவே பெற்ற தாயைக் காண வரும் அண்ணன் இந்திய விசாவுக்கு மனுச் செய்து, சுற்றுலாப் பயணி என்ற பெயரோடு சொந்த வீட்டுக்கு வந்து, காலக்கெடு முடியுமுன் திரும்பவேண்டும். பிரான்சுக்குப் போக நினைக்கும் தம்பிக்கோ பிரெஞ்சு விசா வேண்டும். புதுவையிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொண்டவர்களும் உண்டு. 'சொல்தா' என்று ஊரார் அழைத்த முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்கள், பிரான்சின் ஓய்வூதியம் பெற்றுப் புதுவைத் தெருக்களிலேயே வாழ்ந்தனர். பிரெஞ்சுத் தேர்தல்களில் வாக்கும் அளித்தனர்.

விசாத் தொல்லை நெடுங்காலம் நீடித்தது. பின்னர் வெளிநாட்டுவாழ் இந்தியக் குடிமக்கள் என்று பதிவு செய்துகொள்ளச் சட்டம் வழிசெய்தது. 1947 ஆகஸ்டு 15-க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த பகுதிகளைச் சார்ந்தவர்களையும் அது தனியே குறிப்பிடுகிறது. அப்பதிவு பெற்றவர்க்கு ஆயுட்கால விசா உண்டு. வாக்குரிமை கிடையாது, விளைநிலம் வாங்கவும் இயலாது.