சாப்ளினின் கடைசிக் கப்பல்

‘எ கவுன்டஸ் ஃப்ரம் ஹாங்காங்’ படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை மூன்று இடங்களில் சிரித்தேன். இரண்டாம் முறை ஒரே இடத்தில். காதலும் ஹாஸ்யமும் கலந்த படத்துக்கு, அதுவும் சார்லி சாப்ளின் எழுதி இயக்கிய படத்துக்கு, இது கேவலமான கணக்குத்தான். 1967 ஜனவரியில் லண்டனில் வெளியானபோதே விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் பெரும்பகுதி சரி. மேதையின் சறுக்கலிலும் ஆழம் கண்டு சொல்லும் பக்தர் வேலை எனக்கு ஒத்துவராது. ஆனால் இந்தப் படத்தில் சிரிப்பு ஏன் செத்துப்போயிற்று என்பதற்கு நடிகர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட முடியாது.

ஹாங்காங்கிலிருந்து அமெரிக்கா திரும்பும் கப்பல். பணக்கார அமெரிக்க ராஜதந்திரி ஒருவன் (மார்லன் பிராண்டோ). அவனுடைய அறையின் அலமாரிக்குள் நடனவிடுதிப் பெண் ஒருத்தி (சோபியா லாரன்) ஒளிந்திருக்கிறாள். ரஷ்யப் பிரபு வம்சம்; பாஸ்போர்ட் கிடையாது. அறையின் மணி அடிக்கிறது. இருவரும் பதறி ஓடுகிறார்கள். அவள் குளியலறைக்குள் போகிறாள். வந்தவர் போகிறார். மறுபடி மணி. படத்தின் பாதி இதுதான்.

சாப்ளின் எல்லாப் பாத்திரங்களையும் தானே நடித்துக் காட்டி, அப்படியே திருப்பிச் செய்யச் சொல்பவர். உள்ளிருந்து பாத்திரத்தைத் தேடும் பயிற்சியில் வந்த பிராண்டோவுக்கு அது சித்திரவதை. 1994ல் வந்த சுயசரிதையில் கசப்போடு எழுதியிருக்கிறார். திரையில் அவர் முகம் வட்டிக்கடைக்காரன் முகம் போல இறுகிக் கிடக்கிறது. சரி, அது தெரிந்த விஷயம்.

அதிகம் கவனிக்கப்படாதது கதையின் வயது. முப்பதுகளின் ஆரம்பத்தில் ஷாங்காய் போனபோது, புரட்சிக்குத் தப்பி ஓடிவந்த ரஷ்யப் பிரபுக்களைப் பார்த்ததாகச் சாப்ளினே சொல்லியிருக்கிறார் – ஆண்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், பெண்கள் பத்து சென்ட் நடனவிடுதிகளில் வேலை பார்த்தார்கள். வெளிநாடு போய்விட்ட ரஷ்யர்களின் பிரஜா உரிமையை 1921ல் சோவியத் அரசு பறித்தது. மறு வருஷம் நான்சென் பெயரால் வழங்கப்பட்ட அகதிச் சீட்டுதான் பலருக்கு ஒரே ஆதாரம். இந்தக் கதையைப் பாலெட் காடர்டுக்காக முப்பதுகளில் எழுதி வைத்தார். படமாக்கியது 1966ல், 77 வயதில். முப்பது வருஷம் பெட்டியில் கிடந்த ஜோக்.

இந்த முப்பது வருஷத்தில் ஜோக் மட்டுமா பழசானது? அதைச் சொன்னவருக்கும் ஒன்று நடந்தது. சாப்ளின் நாற்பது வருஷம் அமெரிக்காவில் இருந்தும் அதன் பிரஜையாகவில்லை. 1952 செப்டம்பரில் ‘குயின் எலிசபெத்’ கப்பலில் லண்டனுக்குக் கிளம்பினார். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே அவர் திரும்பி வருவதற்கான அனுமதி ரத்தாகியது. திரும்ப வேண்டுமானால் தன் அரசியலையும் ஒழுக்கத்தையும் பற்றி விசாரணைக்கு உட்பட வேண்டும். 1953ல் அனுமதிச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்விட்சர்லாந்தில் தங்கிவிட்டார்.

1917ல் அவர் எடுத்த ‘தி இமிக்ரன்ட்’ படத்திலும் கப்பல் உண்டு. சுதந்திர தேவி சிலை கண்ணில் படுகிறது; உடனே குடியேற வந்தவர்களை மாடுகள் மாதிரிக் கயிறு கட்டி ஒதுக்குகிறார்கள். சார்லி அந்த அதிகாரியின் பின்பக்கத்தில் ஓர் உதை விடுகிறான். அரங்கமே அதிர்ந்திருக்கும், எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. உதைக்க ஒரு பின்பக்கம் இருந்தது என்பதுதான் விஷயம்.

1967 படத்தில் அப்படி யாருமில்லை. மணி அடிக்கிறது, வருவது பணியாள், அல்லது நண்பன். பயப்பட வேண்டிய ஆள் வருவதே அபூர்வம், பயம் மட்டும் ஒவ்வொரு முறையும் வந்துவிடுகிறது. கதவைத் திறப்பவனால் என்ன விபரீதம் என்பது நமக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வகை ஹாஸ்யம் ஓடும். இங்கே மிஞ்சுவது ஓட்டம் மட்டும். சாப்ளின் இதை வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் சிரிக்கவைக்கத்தான் பார்த்தார், முடியவில்லை.

நான் உட்காரும் கவுண்டரில் ‘கையெழுத்து ஒத்துவரவில்லை’, ‘விலாசச் சான்று வேண்டும்’ என்று தினம் பத்துப் பேரையாவது திருப்பியனுப்புகிறேன். எனக்குக் கோபம் கிடையாது. எதிரில் நிற்பவர் உதைக்க நினைத்தாலும் என் பின்பக்கம் நாற்காலியில் பத்திரமாக இருக்கிறது. ரூல் அப்படி என்பேன். சிலர் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள். சோபியா லாரன் பிராண்டோவின் தொளதொள பைஜாமாவில் நின்று சிரிக்கும் இடத்தில் அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டு முறையும் சிரித்த இடம், பணியாள் ஹட்ஸன் (பாட்ரிக் கார்கில்). அவளுக்குக் குடியுரிமை கிடைப்பதற்காக அவனை அவளுக்குப் பெயரளவில் கல்யாணம் பண்ணி வைக்கிறார்கள். படுக்கப்போகுமுன் அந்த மனிதனுக்கு வரும் அந்தரங்க சந்தோஷம் அசல் சாப்ளின். ஆனால் அந்தக் கல்யாணக் காகிதமும் பிரயோஜனப்படவில்லை. ஹொனலுலுவில் அவள் கடலில் குதித்து நீந்தித்தான் கரை சேர்கிறாள்.

சாப்ளின் கடைசியாகத் திரையில் தோன்றியதும் இந்தப் படத்தில்தான். சில விநாடிகள். கப்பல் ஊழியர் வேஷம். கதவைத் திறக்கிறார், கடல் ஆட்டத்தில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வருகிறது, தள்ளாடிக்கொண்டு போய்விடுகிறார். முதல் முறை பார்த்தபோது அங்கேயும் சிரித்தேன்.