வலது பக்கத்துப் பாட்டு

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், போனஸ் வந்த வாரம், நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். அதுவரை கைபேசியோடு வந்த இயர்ஃபோன்தான். சிங்கப்பூரில் இதற்கென்றே போகிற இடம் கோல்மேன் தெருவிலிருக்கும் அடெல்ஃபி கட்டடம். ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பேர்போனது. “நல்லா பழகின பாட்டாப் போட்டுக் கேட்டுப் பாரு, புதுப் பாட்டு வேணாம்” என்றான் நண்பன். நான் எடுத்துப்போனது ‘ப்ரியா’ படப் பாடல்களை.

அதற்குக் காரணம் உண்டு. 1978 டிசம்பரில் வந்த படம். சுஜாதாவின் தொடர்கதை, எஸ்.பி. முத்துராமன் இயக்கம், ரஜினிகாந்தும் ஸ்ரீதேவியும் நம் சிங்கப்பூரில் சுற்றுவார்கள். இளையராஜா இசையமைத்த இந்தப் பாடல்களைத்தான் ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் என்று சொல்கிறார்கள். அந்தக் கேசட் அப்பாவிடம் இருந்தது. ஊரிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் சிராங்கூன் சாலையில் வாங்கியது. எங்கள் வீட்டு டேப்புக்கு ஒரே ஸ்பீக்கர். ஸ்டீரியோ பாட்டை மோனோவில் கேட்டு வளர்ந்தவன் நான்.

மோனோவில் எந்தச் சுரமும் தொலைந்துபோவதில்லை. இடது தடமும் வலது தடமும் ஒன்றாகக் கலந்து வரும், அவ்வளவுதான். தொலைவது இடம். எது எந்தப் பக்கம் ஒலிக்கிறது என்பது தெரியாது. இரண்டு தடங்களில் ஒலிக்கு இடம் கொடுக்கும் முறைக்கு ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் புளூம்லைன் 1931இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால் ஸ்பீக்கரில் அந்தப் பிரிவு முழுமையாக இராது. இடது ஸ்பீக்கரின் ஒலி வலது காதுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஹெட்ஃபோன் அதற்கு வழிவிடாது. ஒரு காதுக்குப் போவது அந்தக் காதுக்கு மட்டும்தான்.

ஸ்டீரியோ ஹெட்ஃபோன் பிரபலமானதே ஒரு தற்செயல். 1958இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் நடந்த ஒரு கண்காட்சிக்கு ஜான் காஸ் கொண்டுபோனது, கையில் தூக்கிச் செல்லும் ஒரு ரெக்கார்ட் பிளேயர். தனியாகக் கேட்க அதோடு ஒரு ஹெட்ஃபோனும் வைத்திருந்தார். கூட்டம் ஹெட்ஃபோனைத்தான் கேட்டது. அப்போதெல்லாம் காதை அடைத்து மூடும் கனமான கருவிகள். 1968இல் சென்ஹைசர், ஹெச்.டி. 414 என்ற மாடலில் அந்த மூடியைத் திறந்தது. மஞ்சள் நுரைப் பஞ்சு வைத்த, எடை குறைந்த கருவி. வெளிச்சத்தம் உள்ளே வரும், பாட்டும் வெளியே கசியும்.

1979இல் சோனி வாக்மேன் வந்தது. முதல் மாடலில் ஹெட்ஃபோன் செருக இரண்டு துளைகள் இருந்தன. பாட்டைத் தணித்துவிட்டு, கூடக் கேட்பவரிடம் பேச ஒரு ஆரஞ்சுப் பொத்தானும் உண்டு. சோதனைக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோனபோது, தன்னை ஒதுக்கிவிட்டதாக மனைவி வருத்தப்பட்டார் என்று சோனியின் அகியோ மொரிட்டா எழுதியிருக்கிறார். தனியாகக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துத்தான் இரண்டாவது துளை வைத்தார்கள். வாங்கியவர்களோ தனியாகக் கேட்கவே விரும்பினார்கள். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் போய்விட்டது.

கடையில் எனக்கும் இதே கேள்விதான். திறந்ததா, மூடியதா? ரயிலில் கேட்க மூடியதுதான் சரி. நான் கேட்கப்போவது வீட்டில், வீவக அடுக்குமாடியில், தனி அறையில். அம்மா கூப்பிட்டால் காதில் விழ வேண்டும். திறந்ததே எடுத்தேன். இன்னொன்றும் பார்த்தேன். 300 ஓம் மின்தடை உள்ளவை கைபேசியில் செருகினால் சத்தம் எழும்பாமல் முனகும், தனியாக ஆம்ப்ளிஃபையர் வேண்டும். முதல் ஹெட்ஃபோனுக்கு அந்தச் செலவு வேண்டாமென்று மின்தடை குறைந்த ஒன்றாகத் தேர்ந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தலையில் மாட்டிவிட்டேன். “உங்க பாட்டுப்பா. இப்பதான் முழுசாக் கேக்கப் போறீங்க.”

ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு கழற்றிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா ஏதோ குறையுது. பாட்டு காலியா இருக்கற மாதிரி.”

விலையைச் சொல்லியிருக்கக் கூடாது என்று முதலில் நினைத்தேன். அன்றிரவு படுத்த பிறகுதான் உறைத்தது. சின்ன வயதில் சீழ் வைத்ததில் அப்பாவுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காது. சாப்பிடும்போது நாங்கள் எல்லோரும் அவருக்கு இடது பக்கமாகவே உட்காருவோம். அது பழக்கமாகி, காரணமே மறந்துபோயிருந்தது. வலது தடத்தில் மட்டும் இருந்த எதுவும் அவரிடம் போய்ச் சேரவில்லை. அந்த ஒற்றை ஸ்பீக்கர் டேப்பில் அவருக்கு எதுவுமே குறைந்ததில்லை. முழுப் பாட்டை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். பாதியைக் கொடுத்தது நான்.

கைபேசி அமைப்புகளில், செவித்திறன் குறைந்தவர்களுக்கான பகுதியில், ‘மோனோ ஆடியோ’ என்று ஒன்று இருக்கிறது. இரண்டு தடங்களையும் கலந்து இரண்டு காதுக்கும் அனுப்பும். மறுநாள் அதைப் போட்டுக் கொடுத்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாட்டு முடிகிறவரை கழற்றவுமில்லை.

இப்போது சில இரவுகளில் அதை மாற்ற மறந்துவிடுகிறேன். பாதிப் பாட்டுக்கு மேல்தான், இடமும் வலமும் இல்லாமல் எல்லாம் நடுவில் ஒலிப்பது தெரியும். மாற்றாமல் அப்படியே கேட்டு முடிக்கிறேன்.