எரிப்பதா, புதைப்பதா... முடிவு யாருடையது?

செத்த பிறகு என்ன செய்தால் என்ன என்று பேச்சுக்குச் சொல்வோம். ஆனால் வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் எழும் முதல் கேள்விகளில் ஒன்று "எரிக்கிறதா, புதைக்கிறதா?" என்பதுதான். பெரும்பாலும் சாதியோ, மதமோ, குடும்ப வழக்கமோ பதிலைத் தயாராக வைத்திருக்கும். யோசிக்கும் வேலை நமக்கு இல்லை. சரி, அந்த வழக்கத்திலிருந்து ஒருவர் விலக நினைத்தால்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு நாடு நூறு ஆண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டியிருக்கிறது. அந்த நாடு பிரிட்டன்.

இன்று அங்கே இறப்பவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் எரிக்கப்படுகிறார்கள். ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்பு பிணத்தை எரிப்பது என்றாலே அங்கே பலருக்கு அருவருப்பு. கடைசி நாளில் இறந்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. உடலையே சாம்பலாக்கிவிட்டால் எப்படி எழுவது என்ற அச்சம் சாதாரண மக்களிடம் இருந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1886-ல் எரியூட்டலுக்குத் தடையே விதித்தது. அந்தத் தடை நீங்க 1963 ஆயிற்று!

இந்த எதிர்ப்புக்கு நடுவே எரியூட்டலுக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர் சர் ஹென்றி தாம்சன். விக்டோரியா ராணியின் அறுவை மருத்துவர்களில் ஒருவர். 1873-ல் வியன்னா கண்காட்சியில் ஓர் இத்தாலியப் பேராசிரியர் வைத்திருந்த எரியூட்டும் உலையின் மாதிரியைப் பார்த்தார். நகரத்துக் கல்லறைகள் நிரம்பி வழிவதும், அதனால் வரும் சுகாதாரக் கேடும் அவருடைய கவலை. 1874-ல் நண்பர்களோடு சேர்ந்து எரியூட்டலுக்கென ஒரு சங்கம் தொடங்கினார். லண்டனுக்கு அருகே வோக்கிங் என்ற ஊரில் நிலம் வாங்கி உலையும் கட்டினார்கள். 1879-ல் ஒரு செத்த குதிரையை எரித்துச் சோதித்தும் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். உள்துறை அமைச்சர் அனுமதி மறுத்தார். அவருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது. விஷம் வைத்துக் கொன்றுவிட்டு உடலை எரித்தால் தடயம் ஏது? நியாயமான கேள்விதான். உலை சும்மா கிடந்தது.

பூட்டைத் திறந்தவர் இந்தக் கனவான்களில் ஒருவர் அல்ல. வேல்ஸ் நாட்டு மருத்துவர் வில்லியம் பிரைஸ். நரித்தோல் தொப்பி, சைவ உணவு, காலுறை போட மறுப்பு, பழங்கால ட்ரூயிட் சமயத்தை மீட்கும் கனவு என்று மனிதர் தனி ரகம். 83 வயதில் பிறந்த மகனுக்கு வெல்ஷ் மொழியில் 'இயேசு கிறிஸ்து' என்று பெயர் வைத்தார். 1884 ஜனவரியில் அந்தக் குழந்தை ஐந்து மாதத்தில் இறந்துபோனது. பிணத்தைப் புதைப்பது மண்ணையும் நீரையும் கெடுக்கும் என்பது பிரைஸின் கொள்கை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, லான்ட்ரிசான்ட் ஊரின் குன்றின்மேல் குழந்தைக்குத் தீ மூட்டினார். வெளிச்சம் கண்டு கூட்டம் ஓடி வந்தது. பாதி எரிந்த நிலையில் உடலை வெளியே இழுத்தார்கள். பிள்ளையைக் கொன்றுவிட்டு எரிக்கிறார் என்றுகூடச் சந்தேகித்தார்கள். பிரேதப் பரிசோதனையில் இயற்கை மரணம் என்று தெரிந்தது. ஆனாலும் வழக்கு நடந்தது.

கார்டிஃப் நகரில் வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டீபன் சொன்னதன் சாரம் இதுதான்: பிணத்தை எரிப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மற்றவர்களுக்குத் தொல்லை தராமலும், மரண விசாரணையைத் தடுக்கும் நோக்கம் இல்லாமலும் செய்தால் அது குற்றமாகாது. எரிப்பது நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை அவர் சொல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பிரைஸ் விடுதலையானார். அந்த மார்ச் மாதமே மகனின் உடலை எரித்து முடித்தார். மறு ஆண்டு, 1885 மார்ச்சில், வோக்கிங் உலையில் முதல் தகனம் நடந்தது. அந்த ஆண்டு மொத்தமே மூன்று பேர்! 1893-ல் பிரைஸ் இறந்தபோது அதே குன்றின்மேல் அவரை எரித்தார்கள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சுமார் 20,000. 1902-ல் எரியூட்டலுக்கென்று தனிச் சட்டமே வந்தது.

இதோடு கதை முடிந்தது என்றால் இல்லை. கட்டிடத்துக்குள் உலையில் எரிப்பதைத்தான் அந்தச் சட்டம் எண்ணியிருந்தது. முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்திய வீரர்களுக்காகப் பிரைட்டன் நகர அரண்மனையை 1914-ல் மருத்துவமனையாக்கினார்கள். அங்கே இறந்த இந்துக்களையும் சீக்கியர்களையும் என்ன செய்வது? நகருக்கு வெளியே குன்றின்மேல் திறந்தவெளியில் சிதை அடுக்கினார்கள். அப்படி 53 பேர். அந்த இடத்தில்தான் 1921-ல் திறந்துவைக்கப்பட்ட 'சத்ரி' என்ற வெண்பளிங்கு நினைவு மண்டபம் இன்றும் நிற்கிறது. முஸ்லிம் வீரர்களை எங்கே புதைத்தார்கள் தெரியுமா? 1889-லேயே பள்ளிவாசல் எழுந்திருந்த அதே வோக்கிங்கில்! போருக்குச் சிப்பாய் தேவைப்பட்டபோது அரசால் எல்லா வழக்கத்துக்கும் இடம் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது.

ஆனால் நியூகாசில் நகரில் தேவேந்தர் கய் என்ற இந்துப் பெரியவர் தனக்கும் விறகுச் சிதை வேண்டும் என்று கேட்டபோது 2006-ல் நகராட்சி மறுத்தது. 2009-ல் உயர் நீதிமன்றமும் மறுத்தது. 2010 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழி கண்டது. சுவர் இருந்து, கூரையில் வானம் தெரிகிற அமைப்பும் 1902 சட்டப்படி 'கட்டிடம்'தான் என்றது. அது போதும் என்றார் கய்.

இப்போது நமக்குப் பக்கத்தில் வருவோம். 1884-ல் ஒரு தகப்பன் எரிக்க விரும்பினார், ஊர் தடுத்தது. 2020-ல் இலங்கையில் நேர் எதிர். கோவிட் தொற்றால் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. புதைப்பதும் பாதுகாப்பானதே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமலேயே எரித்தார்கள். கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டி எதிர்ப்பைச் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் உத்தரவு மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிந்தது எரிந்ததுதான்.

ஆக, எரிப்பது முன்னேற்றம், புதைப்பது பழமை என்றோ, மாற்றியோ சொல்வதில் அர்த்தமில்லை. அதே நெருப்பு பிரைஸுக்கு உரிமை, கொழும்புப் பெற்றோருக்குக் கொடுமை. ஸ்டீபன் வைத்த அளவுகோல்தான் இரண்டு இடத்துக்கும் பொருந்துகிறது: அடுத்தவருக்குக் கேடில்லை, குற்றத்தை மறைக்கவில்லை என்றால் அரசும் ஊரும் விலகி நிற்கட்டும்.

கடைசியாக ஒன்று. 1882-ல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு விசித்திரமான தீர்ப்பைத் தந்தது. ஒருவர் தன்னை எரிக்கச் சொல்லித் தோழி ஒருவரிடம் எழுதி வைத்திருந்தார். குடும்பத்தார் புதைத்துவிட்டார்கள். தோழி உடலைத் தோண்டி எடுத்து இத்தாலிக்குக் கொண்டுபோய் எரித்துவிட்டு, செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். தன் பிணத்தை என்ன செய்வது என்று உயிலில் எழுதினாலும் அது யாரையும் கட்டுப்படுத்தாது என்றது நீதிமன்றம். யோசித்தால் புரிகிறது. நம் விருப்பத்தை நிறைவேற்றப்போவது நாமல்ல, மிச்சமிருப்பவர்கள். எனவே இது அபசகுனமான பேச்சு என்று ஒதுக்காமல் வீட்டில் ஒருநாள் பேசிவிடுங்கள். அப்படியே, தாத்தா பாட்டிக்கு என்ன விருப்பம் என்றும் கேட்டு வையுங்கள். பலரிடம் அதை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள்.